60 பார்சல் எல்லா ஊருக்கும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்சல்களைப் பிரித்து வீடுகளுக்கு அனுப்பும் ஹப்களில், டெலிவரிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்கு போடும் வழக்கம் எளிது. ஒருவர் ஒரு நாளில் 60 பார்சல் கொடுப்பார் என்று, வரும் பார்சலை 60ஆல் வகுத்து, வருகிற விடையே ஆள் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

சிதறிக் கிடக்கும் வீடுகளைச் சுற்றிவரக் குறைந்தபட்சம் எவ்வளவு தூரம் ஆகும் என்பதற்கு 1959இலேயே பியர்ட்வுட், ஹால்டன், ஹேமர்ஸ்லி மூவரும் சூத்திரம் தந்துவிட்டார்கள். வீடுகளின் எண்ணிக்கையைப் பரப்பால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதைச் சுமார் 0.71ஆல் பெருக்க வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்குள் 10 சதுர கி.மீ.யில் 60 வீடு என்றால் 17 கி.மீ. வேப்பனஹள்ளி பக்கம் அதே 60 வீடு 100 சதுர கி.மீ.யில் பரவியிருந்தால் 55 கி.மீ. சாலை வளைவுக்கு 30 சதவீதம் கூட்டினால் 23, 72 ஆகிறது. வாசலில் 5 நிமிடம், வண்டி வேகம் மணிக்கு 25 கி.மீ. என்று வைத்தால், நகரத்து ஆள் 6 மணி நேரத்தில் முடிப்பார். கிராமத்து ஆளுக்குச் சாப்பாட்டு நேரம் சேர்க்காமலே கிட்டத்தட்ட 8 மணி நேரம் ஆகும்.

இதுவும் சராசரிதான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து நெரிசலானால் சேலத்து லோடு தாமதமாகும். அன்று ஹப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் காத்துக் கிடப்பார்கள். இந்த மாதிரி நாட்களைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். பைத்தான் நிரல்மொழியில் இலவசமாகக் கிடைக்கும் சிம்பை (SimPy) என்ற மென்பொருள் தொகுப்பு போதும். ஒரே நாளை வெவ்வேறு தாமதங்களோடு 500 முறையாவது ஓட்டி, நூற்றுக்கு எத்தனை நாள் கடைசி ஆள் இரவு 8 மணிக்கு மேல் திரும்புகிறார் என்று பார்க்க வேண்டும். சராசரியைப் பார்த்தால் இது தெரியாது.

சறுக்குவது பெரும்பாலும் தரவில்தான். அஞ்செட்டி மலைப்பகுதியில் சிக்னல் கிடைக்காத இடங்களில் பத்துப் பார்சல் கொடுத்துவிட்டு, டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்து பத்தையும் ஒன்றாக 'டெலிவர்ட்' அழுத்துவார்கள். பத்து வீடும் ஒரே நிமிடத்தில் முடிந்ததாக ஆப் சொல்லும். அதை நம்பாமல், வாசலில் ஆகும் நேரத்தை இரண்டு நாள் கூடவே போய் அளந்துகொள்ளுங்கள். பணம் வாங்கும் பார்சலைத் தனியாக அளக்க வேண்டும். சில்லறை, ஓடிபி என்று அதில் நேரம் இழுக்கும். வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பும் பார்சல் மறுநாள் கணக்கில் ஏறுவதையும் விடக்கூடாது. 15 சதவீதம் திரும்பினால், தினம் 100 புதுப் பார்சலுக்கு 118 முறை வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இப்படி ஓட்டிப் பார்க்கும் கணினி மாதிரி (மாடல்) சொல்லும் தீர்வு சில நேரம் வேறு இடத்தில் இருக்கும். 15 பேர் கொண்டுபோகும் 900 பார்சலை, ஆளுக்கு மணிக்கு 100 வீதம் ஹப்பில் மூன்று பேர் பிரித்தால் 3 மணி நேரம். நான்காவது ஆளைப் போட்டால் 2 மணி 15 நிமிடம். வெளியே கிளம்பும் 15 பேருக்கும் முக்கால் மணி நேரம் மிச்சம். டெலிவரிக்கு இன்னொருவரை எடுப்பதைவிட இது லாபம்.

பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு ஹப்பின் தரவைக் கொடுத்தால் செய்து தருவார்கள். போன மாதம் உண்மையில் ஆட்கள் திரும்பிய நேரத்தோடு மாதிரி ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகும்வரை, கிராமப்புற ஆட்களின் ஊக்கத்தொகையை 60 என்ற எண்ணோடு கட்டாதீர்கள். அந்த எண்ணைத் துரத்தித்தான் பையன்கள் தேசிய நெடுஞ்சாலை 44இல் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கிருஷ்ணகிரி.