விளையாட்டுப் பை செய்பவர்களுக்கு மன்னார்குடியிலிருந்து ஒரு மடல்

விளையாட்டுப் பைகளை வடிவமைக்கும் கம்பெனிக்காரர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடியில் பை ரிப்பேர் பார்க்கும் தையல்காரி நான். நீங்கள் செய்து அனுப்பும் பைகள் ஆறேழு மாதத்தில் என்னிடம்தான் வந்து சேருகின்றன. ஆடுகிற பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுப் பை செய்யுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், கிழிந்து வருவதையாவது வந்து பாருங்கள்.

ஐப்பசி பிறந்தால் எனக்கு ஜிப்பு வேலைதான். மைதானத்துக் களிமண் பூட்ஸோடு பைக்குள் போய், காய்ந்து தூளாகி, ஜிப்புப் பல்லில் உட்கார்ந்துகொள்கிறது. மெல்லிய சுருள் ஜிப்பு என்றால் ரன்னர் தேய்ந்துவிடும். இழுத்தால் ஓடும், பல் சேராது. பல் பெரிதாக இருக்கும் பிளாஸ்டிக் ஜிப்பில் இரண்டு தட்டு தட்டினால் மண் கொட்டிவிடும். பூட்ஸுக்குத் தனி அறை வைக்கிறீர்கள், சரி. காற்றுப் போக வழி எங்கே? அடைமழையில் மூன்று நாள் மூடிக் கிடந்தால் பூஞ்சை பூக்கிறது. உள்பக்கப் பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்துத் தோல்தோலாக உரிகிறது.

ஹாக்கி மட்டை பெரும்பாலும் 36.5 அங்குலம். பையோ இரண்டடி. நீட்டிக்கொண்டிருக்கும் மட்டையைப் பிள்ளைகள் சைக்கிள் டியூபால் பையோடு கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுகிறார்கள். யாராவது இடித்தால் வார் அடியோடு பிய்ந்து வருகிறது. கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரி தைத்தால் இழுப்பு ஒரே இடத்தில் விழாது. நான் அப்படித்தான் தைக்கிறேன்.

போன மாதம் கபடி ஆடும் பெண் ஒருத்தி, கடையில் இருந்த ஆள் போகும்வரை காத்திருந்து கேட்டாள்: "அக்கா, உள்ள ஒரு பாக்கெட் வச்சுத் தர்றீங்களா? வெளிய தெரியக் கூடாது." நாப்கின் வைக்க. அந்தப் பையில் ஏற்கெனவே ஐந்து பாக்கெட், செல்போனுக்கே இரண்டு! உள்ளே இருந்ததெல்லாம் வலைத்துணி. கறுப்பு லைனிங்கில் இரண்டு தடுப்பாகத் தைத்தேன். ஒன்று புதியதற்கு. இன்னொன்றில் ரெக்சின் வைத்தேன். வெளியூர் மைதானத்தில் குப்பைத்தொட்டி இல்லையென்றால் சுருட்டிக் கொண்டுவர வேண்டுமே. அடுத்த வாரம் அவள் டீமிலிருந்து இன்னும் நான்கு பேர் பையோடு வந்து நின்றார்கள்.

அகலம் ஐந்து அங்குலம், உயரம் ஏழு, மேலே மூடி. கேட்டால் காகிதத்தில் வெட்டி அனுப்புகிறேன்.