பொருள்: ஓர் அரைப் புள்ளி தொடர்பாக

2021 டிசம்பர் 10

பெறுநர்: தலைவர் அவர்களும் விதிமுறைகளை வகுக்கும் குழுவினரும், எஃப்.ஐ.ஏ. (மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு), பிளாஸ் டி லா கான்கார்ட், பாரிஸ்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். நாளை மறுநாள் அபுதாபியின் யாஸ் மரீனா தடத்தில் இந்தப் பருவத்தின் கடைசி ஃபார்முலா 1 பந்தயம். மேக்ஸ் வெர்ஸ்டாப்பென் 369.5 புள்ளி. லூயிஸ் ஹாமில்டன் 369.5 புள்ளி. பட்டத்துக்குப் போட்டியிடும் இருவர் கடைசிப் பந்தயத்துக்கு இப்படிச் சரிசமமாக வந்து நிற்பது 1974க்குப் பிறகு இதுதான் முதல் முறை. அந்த ஆண்டு ஃபிட்டிபால்டியும் ரெகட்ஸோனியும் ஆளுக்கு 52 புள்ளியோடு கடைசிப் பந்தயம் நடந்த அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னுக்குப் போனார்கள். முழு எண்கள்.

ஊரெல்லாம் அந்த 369ஐப் பார்த்து வியக்கிறது. என் கண் மட்டும் அதன் வாலில் தொங்கும் அரையில் போய் நிற்கிறது. அந்த அரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் வெர்ஸ்டாப்பென் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே இதைத் தோற்றவன் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. என் ஆளுக்குக் கிடைத்த புள்ளியைத்தான் கேள்வி கேட்கிறேன்.

ஆகஸ்ட் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும், அன்று நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தீர்கள். பார்க்க வந்தவர்கள் புல்மேட்டில் இருந்தார்கள். அந்த மேட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

பந்தயம் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டும். மூன்று இருபத்தைந்து வாக்கில் சேஃப்டி காருக்கு, அதாவது ஆபத்து வேளையில் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடும் காருக்குப் பின்னால் எல்லாரும் வரிசையாகக் கிளம்பினார்கள். முன்னால் போகும் கார் கிளப்பிய நீர்ப்புகையில் பின்னால் வருபவருக்கு ஒரு சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரண்டு சுற்றில் சிவப்புக் கொடி, பந்தயம் நிறுத்தம். அது சரியான முடிவு. அதற்குப் பிறகுதான் காத்திருப்பு தொடங்கியது.

சரிவு முழுக்க வெர்ஸ்டாப்பென் ரசிகர்களின் ஆரஞ்சுச் சட்டைகள். அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் மழையங்கிகள். தொலைக்காட்சிக் காமிரா ஒரு கணம் நின்ற இடத்தில் ஒருவர் தன் குடையை மடியிலிருந்த பிள்ளைக்குப் பிடித்திருந்தார். அவர் தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைத் துடைப்பதையும் விட்டுவிட்டார். பிள்ளை தூங்கிவிட்டது. காமிரா வேறு பக்கம் போனது: பொழுது போகாத மெக்கானிக்குகள், கூட்டத்துக்கு உற்சாகமூட்டும் ஓட்டுநர் ரிக்கார்டோ. அரை மணி நேரம் கழித்து மறுபடி அந்தச் சரிவைக் காட்டியபோது ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. ஏன் போகவில்லை என்றால், நடக்காது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மழை விடும் என்றோ விடாது என்றோ சொல்வது உங்கள் கையில் இல்லைதான். ஆனால் கடிகாரம் உங்கள் கையில் இருந்தது. மூன்று மணி நேரக் கெடுவில் ஒரு மணி நேரம் மிச்சமிருக்க, தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று காரணம் காட்டி நடுவர் குழு அந்தக் கடிகாரத்தை நிறுத்தியது. அப்போது நாங்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பந்தயத்தைக் காப்பாற்றத்தான் நேரத்தைச் சேமிக்கிறார்கள் என்று நம்பினோம்.

ஆறே கால் மணிக்கு மேல் மறுபடி கிளம்பினார்கள். மறுபடியும் சேஃப்டி கார். மறுபடியும் வரிசை. யாரும் யாரையும் முந்தக் கூடாது, முந்தவும் இல்லை. மூன்று சுற்று, சில நிமிடங்கள், மறுபடி சிவப்புக் கொடி, எல்லோரும் உள்ளே. அவ்வளவுதான். அதிகாரபூர்வ முடிவு முதல் சுற்றின் முடிவில் இருந்த வரிசைப்படி எடுக்கப்பட்டது: தூரம் 6.880 கிலோமீட்டர், வென்றவரின் நேரம் 3 நிமிடம் 27 வினாடி. 44 சுற்றுப் பந்தயம். அந்த மேட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நனைந்தவர்களுக்குக் கிடைத்தது அது. அதன்பின் மேடை போட்டு, கோப்பை கொடுத்து, ஷாம்பெயினும் பீய்ச்சினார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவர் சேஃப்டி காரை ஓட்டிய பெர்ன்ட் மைலாண்டர்தான். அவரை மேடைக்குக் கூப்பிடாததை ஒரு நடைமுறைப் பிழையாகவே கருதுகிறேன்.

ஏன் அந்த மூன்று சுற்று என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முன்னணியில் இருப்பவர் இரண்டு சுற்றுக்கு மேல் முடித்திருந்தால் பாதிப் புள்ளி என்கிறது விதி. அந்தச் சுற்றுகளில் போட்டி நடந்திருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. எழுதியவர்கள் அப்படி ஒரு நாளை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு மணிக்கு மேல் வானம் கொஞ்சம் தெளிந்தது, முயன்று பார்த்தோம் என்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். முயன்றீர்கள், முடியவில்லை. முடியாத ஒன்றுக்கு எதற்குப் புள்ளி?

என் கோரிக்கை ஒன்றுதான். பச்சைக் கொடியின் கீழ், அதாவது முந்த அனுமதி உள்ள நிலையில், ஒரு சுற்றுகூடப் போட்டி நடக்காத பந்தயத்துக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்.

ஓட விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். அதே ஸ்பா தடத்தில் 2019இல் ஃபார்முலா 2 பந்தய விபத்தில் ஆந்த்வான் ஹூபேரை இழந்தோம். 2014இல் ஜப்பானின் சுஸூகா மழையில் ஜூல் பியாங்கியின் உயிரைப் பறித்த விபத்தை யாரும் மறக்கவில்லை. ஸ்பாவிலேயே முந்தைய நாள் தகுதிச் சுற்றில் லாண்டோ நாரிஸ் ரெய்டியோன் மேட்டில் மோதிச் சுழன்றதைப் பார்த்தபோது வீட்டில் எழுந்து நின்றுவிட்டேன். ஓடாதது சரி. ஓடியதாகக் கணக்கு எழுதியதுதான் தவறு.

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். ஸ்பாவுக்கு முன் ஹாமில்டன் 195, வெர்ஸ்டாப்பென் 187. எட்டுப் புள்ளி இடைவெளி. ஸ்பாவில் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றின் முதல் மூன்று இடங்களே ஞாயிற்றுக்கிழமையின் முதல் மூன்று இடங்களாகிவிட்டன: வெர்ஸ்டாப்பென் 12.5, வில்லியம்ஸ் அணியின் காரில் வந்த ஜார்ஜ் ரஸ்ஸல் 9, ஹாமில்டன் 7.5. இடைவெளி மூன்றாகச் சுருங்கியது. (ரஸ்ஸலுக்குக் கிடைத்த மேடையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த மழையில் அந்தக் காரை இரண்டாவதாக நிறுத்தியது பெரிய காரியம். ஆனால் அந்தக் காரியத்தை அவர் செய்தது சனிக்கிழமை.) தகுதிச் சுற்றுக்குப் புள்ளி தருவதானால் அதை வெளிப்படையாகவே செய்யலாமே என்ற பொருளில் ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டல் அன்றே சொன்னார். ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றார் ஹாமில்டன். பணம் திரும்பவில்லை.

ஸ்பாவை எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். ஹாமில்டன் 362, வெர்ஸ்டாப்பென் 357. நாளை மறுநாள் ஹாமில்டன் ஐந்து புள்ளி முன்னிலையோடு அபுதாபியில் இறங்கியிருப்பார்.

ஐந்து புள்ளிதானே என்று கேட்பவர்கள் இதையும் கவனியுங்கள். புள்ளியைப் பாதியாக வெட்டிய உங்கள் விதி, வெற்றியைப் பாதியாக வெட்டவில்லை. பதிவேட்டில் ஸ்பா ஒரு முழு வெற்றி. வெர்ஸ்டாப்பெனுக்கு இந்த ஆண்டு ஒன்பது வெற்றி, ஹாமில்டனுக்கு எட்டு. புள்ளி சமமாக இருந்தால் வெற்றிகளின் எண்ணிக்கைதான் பட்டத்தைத் தீர்மானிக்கும். அதாவது ஞாயிற்றுக்கிழமை முதல் வளைவிலேயே இருவரும் மோதி வெளியேறினால் என் ஆள் உலகச் சாம்பியன். ஸ்பா இல்லையென்றால் அதே மோதலில் ஹாமில்டன் சாம்பியன். ஒருவரும் ஒருவரையும் முந்தாத ஒரு மாலை, இரண்டு ஓட்டுநர்களில் யாருக்கு மோதல் லாபம் என்பதைத் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறது.

இது என் கற்பனை பயம் அல்ல. அபுதாபிக்கான பந்தய இயக்குநரின் குறிப்புகளில், விளையாட்டு நேர்மைக்குப் புறம்பாக நடந்தால் புள்ளியைக்கூடப் பறிக்கலாம் என்ற விதிகளை நீங்களே நினைவூட்டியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் மோதினால் லாபம் என்ற நிலையை உண்டாக்கியது யார்? நீங்களே பள்ளம் தோண்டிவிட்டு நீங்களே எச்சரிக்கைப் பலகையும் நடுகிறீர்கள்.

சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டாப்பென் சுவரில் மோதி இழந்ததற்கும், ஹங்கேரியில் முதல் வளைவிலேயே ஹாமில்டனின் அணித்தோழர் போத்தாஸ் கிளப்பிய களேபரத்தில் இழந்ததற்கும் ஸ்பா ஈடாகிவிட்டது என்று என் கட்சி நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவை பந்தயத்தில் நடந்தவை. பந்தயத்தில் இழந்ததைப் பந்தயத்தில்தான் மீட்க வேண்டும்.

அரைப் புள்ளி உங்களுக்குப் புதிதும் அல்ல. 1984இல் மொனாக்கோ மழையில் 31 சுற்றோடு பந்தயத்தை நிறுத்தினீர்கள். முன்னிலையில் இருந்த ப்ரோஸ்டுக்கு 9க்குப் பதில் 4.5. பின்னாலிருந்து டோல்மன் காரில் சென்னா நெருங்கிக்கொண்டிருந்தார். பந்தயம் முழுதாக ஓடி, சென்னா முந்தி, ப்ரோஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 கிடைத்திருக்கும். ஆண்டு முடிவில் அவருடைய அணித்தோழர் லவுடா 72, ப்ரோஸ்ட் 71.5. அரைப் புள்ளியில் பட்டம் போனது. கொடுமைதான், ஆனாலும் அந்த 31 சுற்றும் அவர்கள் மழையில் உண்மையாகப் போட்டியிட்டார்கள். 2009இல் மலேசியாவின் செபாங்கிலும் அதே 31 சுற்று. 1991 அடிலெய்டில் 14 சுற்று. ஸ்பாவுக்கு முன் மிகக் குறுகிய பந்தயம் அதுதான். அந்தப் பாதிப் புள்ளிகளுக்கெல்லாம் பின்னால் கொஞ்சமாவது உண்மையான பந்தயம் இருந்தது. ஸ்பாவுக்குப் பின்னால் ஓர் ஊர்வலம் இருக்கிறது.

விதியை எழுதும்போது இருக்கும் அலட்சியம் அதை நடைமுறைப்படுத்தும்போதும் தொடர்கிறதோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. போன ஞாயிறு ஜெத்தாவில், எந்த இடத்திலிருந்து மறுபடி புறப்படுவது என்று பந்தய இயக்குநர் ஓர் அணியோடு வானொலியில் பேரம் பேசியதை உலகமே கேட்டது. சந்தைக்கடையில்கூட விலை எழுதிய அட்டை இருக்கும். இருபது கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடும் இடத்தில், எது விதி, எது அந்த நேரத்துத் தோதுக்குச் சொன்னது என்று பார்ப்பவனுக்குப் புரிய வேண்டாமா? ஓட்டுநர் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் அங்குலக் கணக்கில் பார்க்கிறீர்கள். உங்கள் வாக்கியங்கள் கோட்டைத் தாண்டும்போது யார் பார்ப்பது?

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுக் குரல் உயர்ந்துவிட்டது.

இந்த ஆண்டின் புள்ளிகளைத் திரும்பப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் கணக்கை மாற்றுவது இன்னொரு அநியாயம். எந்தக் கணக்கை நம்பி இருவரும் இதுவரை ஓட்டினார்களோ அந்தக் கணக்கிலேயே ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டட்டும். நான் கேட்பது அடுத்த பருவத்துக்கு. விதிநூலின் அந்தப் பிரிவில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: சேஃப்டி காருக்குப் பின்னால் ஓடிய சுற்று புள்ளிக்கான சுற்றாகக் கணக்கில் வராது. அப்படி ஒரு வரி ஆகஸ்டில் இருந்திருந்தால், அந்தப் புல்மேட்டில் இருந்தவர்களை ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கணக்குக் காட்டுவதற்காக ஆறே கால் வரை அவர்களை நிறுத்தி வைக்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

அடுத்த வாரம் உங்கள் அமைப்புக்குப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க இருக்கிறீர்கள். நாற்காலியில் யார் அமர்ந்தாலும், 2022ஆம் ஆண்டின் விதிநூல் அச்சுக்குப் போகும் முன் இந்த ஒரு வரியைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பச்சைக் கொடியின் கீழ் ஓடாத பந்தயத்துக்குப் புள்ளி வேண்டாம்.

நாளை மறுநாள் அபுதாபியில் மழை இருக்காது. சேஃப்டி காரும் வராமல் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வெர்ஸ்டாப்பென் ரசிகன் ஒருவன்