வாங்க வருகிறார்கள் என்றால் ஏன் விற்கிறார்கள்?

ஆசிரியருக்கு, நிறுவனம் கைமாறப்போகிறது என்ற பேச்சிலேயே பங்கு விலை ஏறுவது பற்றிய உங்கள் வணிகப் பக்கச் செய்தியைப் படித்தேன். சரி, கூடுதல் விலை கொடுத்து ஒருவர் வாங்க வருவது உண்மையென்றால் அந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் தங்கள் பங்குகளை ஏன் இப்போதே விற்கிறார்கள்? வரி, வீட்டுக்கடன் என்று ஒருவருக்குக் காரணம் இருக்கலாம், ஆனால் நான் 6 ஆண்டாக வைத்திருக்கும் பங்கில் மூன்று இயக்குநர்கள் ஒரே மாதத்தில் விற்றார்கள், 'பேச்சு நடக்கிறது' என்று நம்பி நான் இன்னும் கொஞ்சம் வாங்கினேன் (என் புத்தி!), வாங்குபவர் இன்றுவரை வரவில்லை.

அமெரிக்காவில் 2023 முதல், முன்கூட்டியே திட்டம் போட்டு விற்கும் இயக்குநர்கூட, திட்டம் போட்ட பிறகு குறைந்தது 90 நாள் காத்திருக்க வேண்டும். கைமாறும் செய்தியைப் போடும்போது, கடந்த 3 மாதத்தில் உள்ளிருப்போர் (இயக்குநர்கள், உயர் அதிகாரிகள்) எவ்வளவு விற்றார்கள் என்பதையும் அதே பத்தியில் போடுங்கள்.