சுற்றுகிற வீடியோவைப் பார்த்து ரீல் வாங்காதே

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் அந்த சென்டர்பின் ரீலை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மூன்று நிமிடம் நிற்காமல் சுற்றுவதைக் காட்டியிருக்கிறார்கள். நீயும் கீழே “விலையும் கம்மி, இது போதும்தானே அப்பா?” என்று கேட்டிருக்கிறாய். போதுமா போதாதா என்று அந்த வீடியோவை வைத்துச் சொல்லவே முடியாது. அதனால்தான் இரண்டு வரியில் பதில் போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், இந்த விஷயத்தில் அப்பாவுக்கு வாய் நிற்காது என்று உனக்கே தெரியும்.

சென்டர்பின்னில் இருப்பதே மூன்று சாமான்தான். ஒரு பின்தட்டு, அதன் நடுவில் நட்ட அச்சு, அச்சின் மேல் உட்காரும் உருளை. பல்சக்கரம் கிடையாது, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளையும் ஒரே சுற்றுதான். பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் பூட்டு இல்லை, பெரும்பாலானவற்றில் டிராக்கும் (மீன் இழுக்கும்போது நரம்பை அடக்கி அடக்கி விடும் பிரேக்) இல்லை, உன் கட்டைவிரல்தான் டிராக். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றில் மீன் பிடித்தவர்கள் வைத்திருந்த, மரத்தில் கடைந்த நாட்டிங்ஹாம் ரீலும் அடிப்படையில் இதே சாமான்தான். 1905இல் இல்லிங்வொர்த் என்பவர் உருளை சுற்றாமல் நிற்கும் ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார், அதன் வழியில் வந்தவற்றில் தூரமாக வீசுவது வெகு சுலபம் என்பதால் காலப்போக்கில் ஊர் உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் ஓடுகிற தண்ணீரில் தக்கையை அதன் போக்கில் விட்டு மீன் பிடிப்பதற்கு சென்டர்பின் மாதிரி ஒன்று இல்லை என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உன் அப்பாவும் அதில் ஒருவன்.

ஏன் என்று புரிந்துகொண்டால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் புரிந்துவிடும். தண்ணீரின் ஓட்டம் தக்கையை இழுக்கிறது, தக்கை நரம்பை இழுக்கிறது, நரம்பு உருளையைச் சுற்ற வைக்கிறது. வேறு எந்த விசையும் அதில் இல்லை. தக்கைக்கு அடியில் முள்ளில் கோர்த்த இரை ஓட்டத்தோடு இயல்பாகப் போக வேண்டுமென்றால், அந்தச் சின்னத் தக்கையின் இழுப்புக்கே உருளை மசிந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தக்கை தயங்கும், சாயும், இரை மேலே தூக்கிக்கொண்டு ஓட்டத்தின் கோட்டை விட்டு விலகிப் போகும். மீனுக்கு அது போதும், கிட்டேயே வராது. நாம் வேண்டுமென்றே விளிம்பில் விரலை வைத்துத் தக்கையை ஒரு கணம் நிறுத்தி இரையைத் தூக்கிக் காட்டுவது வேறு கதை, பல மீன்கள் அந்தக் கணத்தில்தான் கடிக்கும். அதை நாம் செய்ய வேண்டும், ரீல் தன்னிஷ்டத்துக்குச் செய்யக் கூடாது.

இப்போது வீடியோவுக்கு வா. ஒரு கனமான உருளையைத் தட்டிவிட்டால் நெடுநேரம் சுற்றும். அது பேரிங்கின் பெருமை மட்டும் இல்லை, கனத்தின் வேலையும்கூட. கனமான சக்கரம் நிற்கவும் நேரமாகும், கிளம்பவும் வலு வேண்டும். நமக்கு வேண்டியது கிளம்புவதில் சுலபம். மூன்று நிமிடம் சுற்றும் கனத்த ரீல் மெல்லிய தக்கைக்குக் கிளம்பாமல் நிற்கும், முக்கால் நிமிடமே சுற்றும் லேசான உருளை தொட்டவுடன் ஓடும். அது மட்டுமா, கனத்த உருளை கிளம்பிவிட்டால் சட்டென்று நிற்காது, தக்கை தண்ணீரில் விழுந்த பிறகும் அது பாட்டுக்குச் சுற்றி நரம்பைக் கொத்துக் கொத்தாகக் கக்கும். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். மேஜையில் வைத்துச் சுற்றி விட்டு அழகு பார்ப்பேன், ஆற்றில் இறங்கினால் சிக்கெடுப்பதிலேயே பொழுது போகும்.

ஆகவே கடையில் ரீலைக் கையில் எடுத்தால், தூண்டில் கோலில் மாட்டியிருக்கும் நிலையில் பிடி. ராட்செட்டை விடுவித்துவிடு (அந்தக் ‘கிர்ர்’ சத்தம் போடும் சாமான்). உருளையில் கொஞ்சம் நரம்பைச் சுற்றி, நுனியில் ஒரு சின்ன ஈயக்குண்டை நசுக்கி மாட்டி, தொங்க விடு. உருளை கிளம்புகிறதா பார். கிளம்பாவிட்டால் இன்னொரு குண்டு சேர். எத்தனை குண்டில் கிளம்புகிறது என்பதுதான் அந்த ரீலைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி. இதையே உருளையை வெவ்வேறு இடத்தில் நிறுத்தி நாலைந்து தடவை செய். ஏனென்றால் சில ரீல்களில் ஒரு பக்கம் கனம் கூடி இருக்கும், மெதுவாகச் சுற்றி விட்டால் ஒவ்வொரு தடவையும் அதே பக்கம் கீழே வந்து நிற்கும். அப்படிப்பட்டதை ஓட்டம் மெதுவான தண்ணீரில் வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான்.

அப்புறம் ஆட்டம். உருளையை மெதுவாகச் சுற்றிக்கொண்டே விளிம்புக்கும் பின்தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பார், அது ஒரே அளவாக இருக்க வேண்டும். கூடிக் குறைந்தால் உருளை கோணல், அல்லது அச்சு வளைந்திருக்கிறது. இடைவெளி அகலமாக இருந்தாலும் எடுக்காதே. மெல்லிய நரம்பு காற்றில் தொய்ந்து உருளைக்குப் பின்னால் நுழைந்துகொள்ளும், நல்ல மீன் மாட்டும் நேரம் பார்த்துத்தான் அப்படி நுழையும். அச்சின் நீளவாட்டில் மயிரிழை அளவு அசைவு இருந்தால் பரவாயில்லை, அதற்காகப் பயப்படாதே.

குறைந்த விலையில் வாங்குவதென்றால் பால் பேரிங் வைத்ததையே எடு. பேரிங் இல்லாமல் அச்சின் மேல் நேராகச் சுற்றும் ரீல்தான் அசல் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. நன்றாகச் செய்தால் அது அற்புதமான சாமான்தான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அதற்கு அச்சும் துளையும் அவ்வளவு துல்லியமாகக் கடையப்பட வேண்டும், அந்தத் துல்லியத்துக்குத்தான் காசு. மலிவான ரீலில் அது அமைவது அபூர்வம். மலிவான பேரிங் சரியில்லையென்றால் கழற்றிவிட்டு அதே அளவில் நல்ல பேரிங் போட்டுக்கொள்ளலாம். நாலு, நாலரை அங்குல விட்டம் உனக்குப் போதும். விலை கூடக் கூட நமக்குக் கிடைப்பதில் பாதி மினுமினுப்பு, செதுக்கல், பெட்டி. மீனுக்கு அதெல்லாம் தெரியாது.

பழைய ரீல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. ஆல்காக் ஏரியல் மாதிரி பெயர் பெற்றதைத் தேடிப் போகாதே, அதெல்லாம் சேகரிப்பவர்கள் கைக்குப் போய் விலை ஏறிக் கிடக்கிறது. யங் நிறுவனத்தின் ரேபிடெக்ஸ், ட்ரூடெக்ஸ் மாதிரி உழைக்கப் பிறந்தவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எதுவானாலும் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா, கோலில் உட்காரும் பாதத்தில் விரிசல் இருக்கிறதா, அதை யாராவது அரத்தால் ராவி இருக்கிறார்களா, திருகாணிகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பார். சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சாயம் போனது, கீறல் விழுந்தது இதெல்லாம் விலை குறைக்கத்தான் உதவும், நல்லதுக்கே.

சரி, வாங்கிவிட்டாய். புது ரீல் மந்தமாக இருந்தால் உடனே திருப்பி அனுப்பாதே. மலிவான ரீல்களின் பேரிங்கில் பெரும்பாலும் கெட்டியான கிரீஸ் அடைத்து அனுப்புவார்கள், துருப்பிடிக்காமல் இருக்க. அதைக் கழுவி எடுத்தாலே வேறு ரீல் மாதிரி ஆகிவிடும். மேஜையில் வெளிர் நிறத் துணியை விரித்து அதன் மேல் கழற்று, ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள். ராட்செட்டின் ஸ்பிரிங்கைத் தொடும்போது ஜாக்கிரதை. நான் ஒரு தடவை ஆற்றங்கரையில் உட்கார்ந்து கழற்றி, அது புல்லில் பாய்ந்து, அரை நாள் தவழ்ந்தும் கிடைக்கவில்லை. பேரிங்கை ஒரு மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் போட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கு, கலங்கலாக வரும், மாற்றி ஊற்று, தெளிவாக வரும்வரை. ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் அடுப்போ நெருப்போ இருக்கக் கூடாது. பிறகு துணியில் வைத்துத் தானாகக் காய விடு. அழுத்தமான காற்றை அடித்து விர்ரென்று சுற்ற விடாதே, எண்ணெய் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் தேய்ந்து போகும்.

காய்ந்ததும் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். தையல் மெஷினுக்கு அம்மா போடுவாளே, அந்த மாதிரி. ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான், ஊசி நுனியில் எடுத்து வை. விர்ரென்று சுற்றட்டும் என்று எண்ணெயே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், கொஞ்ச நாளில் பேரிங் கரகரக்கும், துருவும் பிடிக்கும். எதிர்ப்பக்கமும் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நல்ல பாதுகாப்பு என்று நினைத்து சைக்கிளுக்குப் போடும் கிரீஸை அப்பிக்கொண்டு ஒரு குளிர்ந்த விடியற்காலையில் போனேன், தண்ணீர் போகிறது, இலை போகிறது, என் தக்கை மட்டும் கம்பம் நட்டது போல் நிற்கிறது. கிரீஸ் ராட்செட்டின் பல்லில் ஒரு துளி போடலாம், அதோடு சரி. துரு விடுவிக்கும் ஸ்ப்ரேயை எண்ணெய் என்று நினைத்து அடிக்காதே. அச்சை மெல்லிய துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயானால் அளவே போய்விடும்.

கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டதால் இனி காவல் உன்னுடையது. நாலைந்து தடவை போய் வந்த பின் உருளையைக் கழற்றித் துடைத்து அந்த ஒரு சொட்டைப் புதுப்பி. மழையில் நனைந்தால் அன்றே கழற்று. உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்து எண்ணெய் விடு. ஈரத்தோடு உறையில் போட்டு மூடி வைப்பதுதான் பெரும்பாலான ரீல்களைக் கெடுக்கிறது. மணலில் மட்டும் எப்போதும் வைக்காதே.

நரம்பு ஏற்றுவதில்தான் நல்ல ரீலைக் கூடப் பாழாக்கலாம், இதைக் கவனமாகப் படி. உருளையின் அடியில் பழைய நரம்பையோ கம்பளி நூலையோ சுற்றி மேடாக்கிவிட்டு, அதன் மேல் நாலு முதல் ஆறு பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை) நரம்பு 100 மீட்டர் மட்டும் ஏற்று, மிதக்கும் வகையாக இருக்கட்டும். அதிகம் ஏற்றினால் மேலே உள்ள நரம்பு அடியில் உள்ள சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும், பிறகு தக்கை இழுக்கும்போது விட்டு விட்டு வரும், நீ ரீலைத் திட்டுவாய். சுற்றும்போது விரலால் இப்படியும் அப்படியும் வழிநடத்தி சீராகப் பரப்பு, ரொம்ப இறுக்காதே. விளிம்பு வரை நிரப்பாதே.

இன்னொன்று, பழக்கம். நரம்பு நாலு அங்குல விட்டத்தில் இருந்தால் ஒரு சுற்றுக்கு 32 செண்டிமீட்டர்தான் வரும், 30 மீட்டர் போன தக்கையைத் திரும்பக் கொண்டுவர 90 சுற்றுக்கு மேல். அதனால்தான் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றாமல் உள்ளங்கையால் விளிம்பைத் தட்டித் தட்டி ஓட விடுவார்கள், ஒரு வாரத்தில் உனக்கு வந்துவிடும். உருளையைச் சுழல விட்டு நேராக ரீலிலிருந்தே வீசும் வாலிஸ் வீச்சு எல்லாம் இப்போது வேண்டாம். காலடியில் விட்டு ஓட்டத்தோடு அனுப்பப் பழகு, பிறகு கோலின் வளையங்களுக்கு இடையே நரம்பை விரலால் இழுத்துப் பிடித்து வீசக் கற்றுக்கொள். பெரிய மீன் ஓடும்போது கைப்பிடிக் குமிழ்கள் பின்பக்கமாகச் சுழலும், விரல் முட்டியை அதன் வழியில் நீட்டாதே. எனக்கு இரண்டு முட்டியிலும் தழும்பு இருக்கிறது, நீ சின்னதில் கேட்டபோது பூனை பிராண்டியது என்று சொன்னேன். பூனை எல்லாம் இல்லை.

அந்த ரீலைக் கையில் எடுக்க முடிந்தால் எடுத்துப் பார். முடியாவிட்டால் விற்கிறவரிடம் இன்னொரு வீடியோ கேள், சுற்றி விட்டு எடுத்தது வேண்டாம், ஈயக்குண்டைத் தொங்கவிட்டு எடுக்கச் சொல். வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா