மாடல் எஞ்சின் வரைபடமும் வார்ப்பும் விற்போருக்கு: இடைவெளியை எழுதுங்கள்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். அண்மையில் 'திருத்திய பதிப்பு' என்று வெளிவந்த பெட்ரோல் எஞ்சின் வரைபடத் தொகுப்பு ஒன்றில், சிலிண்டர் உள்விட்டம் 25 மி.மீ., பிஸ்டன் வெளிவிட்டமும் 25 மி.மீ. என்றே மறுபடி அச்சாகியிருக்கிறது. படங்கள் வண்ணத்துக்கு மாறிவிட்டன. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி மட்டும் இன்னும் வரவில்லை.

எழுதியபடியே கடைந்தால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. பிஸ்டனைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றால், எவ்வளவு? புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 100 டிகிரி சூடு ஏறினால் 25 மி.மீ. பிஸ்டன் சுமார் 0.057 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் துளையோ 0.028 அளவில் நின்றுவிடும். வித்தியாசம் 0.03 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆறியிருக்கும்போது 0.02 இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போன பிஸ்டன், எஞ்சின் சூடானதும் இறுகிப் பிடித்துக்கொள்வது இதனால்தான். பிஸ்டன் தலை சிலிண்டர் சுவரைவிட அதிகம் சூடாவதால், இந்தக் கணக்குக்கும் மேலே கொஞ்சம் விட வேண்டும். பிஸ்டனும் வார்ப்பிரும்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும், மிகச் சிறிய இடைவெளி போதும். எந்த உலோகத்துக்கு எவ்வளவு என்று எழுத ஒரு வரி போதுமே. அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

வேலையின் வரிசையையும் சொல்லுங்கள். முதலில் சிலிண்டர். போரிங்கில், அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கும்போது, 0.03 மி.மீ. விட்டுவைத்து, லேப் என்னும் தண்டில் தேய்ப்புப் பொடி தடவித் தேய்க்கும் லேப்பிங்கில் முடிக்க வேண்டும். லேப் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளைக்கு வெளியே வந்தால் வாய் அகன்றுவிடும். பிறகு மண்ணெண்ணெயிலும் சோப்பு நீரிலும், உள்ளே துடைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவ வேண்டும். தங்கிவிட்ட லேப்பிங் பொடி பிஸ்டன் வளையத்தையும் சுவரையும் சேர்த்துத் தின்னும். துளையை அளந்த பிறகுதான் பிஸ்டனைக் கடைய வேண்டும். துளை 0.01 அல்லது 0.02 மி.மீ. பெரிதாகிவிட்டாலும் பிஸ்டனை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். வரிசை மாறினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கிலும் இதே குறைதான். வெறும் '10 மி.மீ.' என்று போடாமல் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்லும் குறியீடுகளால் துளை எச்7 (H7), ஷாஃப்ட் எஃப்7 (f7) என்று குறித்தால், துளை 10.000 முதல் 10.015 வரை, ஷாஃப்ட் 9.972 முதல் 9.987 வரை என்று கடைபவருக்குத் தெரிந்துவிடும்.

வார்ப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளைவீல் விளிம்பு, சிலிண்டரின் மெல்லிய ஓரம் போன்ற இடங்கள் வார்க்கும் அச்சில் சீக்கிரம் ஆறிக் கண்ணாடிபோல் கெட்டிப்படுகின்றன. அரம் வழுக்குகிறது, ஹைஸ்பீடு எஃகு வெட்டும் டூலின் முனை முதல் வெட்டிலேயே மழுங்குகிறது. சுமார் 900 டிகிரியில் வைத்திருந்து சூளைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டால் தீரும் குறை இது. அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, வாங்கியவர் குறை சொன்னால் டூலைச் சரியாகத் தீட்டவில்லை என்று பதில் எழுதுவது நியாயமா? வாங்கியவர்கள் தம் கைதான் சரியில்லை என்று நினைத்து, பாதி கடைந்த வார்ப்பைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வடிவமைப்புகள் மீது மதிப்பு இருப்பதால்தான் எழுதுகிறோம். அடுத்த அச்சு வரை காத்திருக்காமல், பிஸ்டன், பேரிங், வால்வு தண்டு ஆகிய மூன்றுக்குமான இடைவெளிகளை ஒரே தாளில் அச்சிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வரைபடங்களை வைத்துக் கடைபவர்கள்