எந்தப் பக்கத்தில் மூடினாய்?

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில், "அம்மா, சிரிக்காதே, டால்ஸ்டாயோட ‘போரும் அமைதியும்’ படிக்கிறதைப் பாதியில விட்டுட்டேன்" என்றாய். பரீட்சையில் தோற்றதைச் சொல்வதுபோல் குரலை வேறு தாழ்த்திக்கொண்டாய். நான் சிரித்தது உண்மைதான், ஆனால் உன்னைப் பார்த்து இல்லை. முப்பது வருடமாக மதிப்புரை எழுதுகிறவளின் பிள்ளை, ஒரு நாவலை முடிக்கவில்லை என்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறான். இந்த வீட்டில் எப்பேர்ப்பட்ட பயத்தை வளர்த்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துத்தான் சிரிப்பு வந்தது. நீ அவசரத்தில் இருந்தாய், பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எந்தப் பக்கத்தில் மூடினாய் என்று சொல்லவே இல்லையே. எனக்கு வேண்டியது அதுதான்.

என் புத்தகங்களின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எண்கள் எழுதியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் நீ அதை வீட்டுக் கணக்கு என்று நினைத்து ஒருமுறை கூட்டிக்கூடப் பார்த்தாய். அவை நான் படிப்பதை நிறுத்திய பக்கங்கள். யாராவது கூப்பிட்டதால் நிறுத்தினேன் என்றால் வெறும் எண். யாரும் கூப்பிடாமலே கை தானாக மூடியிருந்தால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். எழுத உட்காரும்போது முதலில் அந்த வட்டங்களுக்குத்தான் திரும்பிப் போவேன். சறுக்கியது எழுதினவரா, நானா என்று பார்ப்பேன். என் தொழில் ரகசியமே அவ்வளவுதான்.

அப்புறம் வார்த்தைகள். மதிப்புரைக்காரர்களின் பாஷையை நீ இன்னும் நம்புகிறாய் என்று தெரிகிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். ‘கவனத்துக்குரிய முயற்சி’ என்று எழுதினால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். ‘நம்பிக்கை தரும் புதிய குரல்’ என்றால் எழுதினவருக்கு வயது குறைவு, திட்ட மனசு வரவில்லை. ‘வாசகரிடம் உழைப்பைக் கோரும் மொழிநடை’ என்றால் எனக்கே புரியவில்லை. ‘அச்சும் கட்டமைப்பும் நேர்த்தி’ என்பதோடு மதிப்புரை முடிந்தால் அந்தப் புத்தகத்தின் பக்கமே போகாதே. இதையெல்லாம் நானும் எழுதியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, டால்ஸ்டாய்க்கு வருகிறேன். 1869-இல் முழு நாவலாக வந்த புத்தகம். என் பிரதியின் பின்தாளில் ஏழு வட்டங்கள். அதில் நாலு கடைசிப் பகுதியில். பின்னுரையின் இரண்டாம் பாகத்தில் கதை என்பதே கிடையாது. வரலாற்றை நகர்த்துவது எது, மனிதனுக்குச் சுயவிருப்பம் என்று ஒன்று உண்டா என்று ஒரே பிரசங்கம். முதல் தடவை பக்தியோடு படித்தேன். இரண்டாம் தடவை தாண்டிப் போனேன், குற்ற உணர்ச்சியோடு. 1873-இல் வந்த பதிப்பில் டால்ஸ்டாயே இந்த மாதிரிக் கட்டுரைப் பகுதிகளைக் கதையிலிருந்து உருவியெடுத்துப் பின்னிணைப்பாகப் போட்டுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் அவை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. எழுதினவருக்கே அந்தப் பக்கங்களை எங்கே வைப்பது என்று தடுமாற்றம் இருந்திருக்கிறது. நீயும் நானும் தாண்டினால் என்ன குறைந்துவிடும்?

எல்லாத் தாண்டலும் ஒன்று கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’கில் முப்பத்திரண்டாம் அத்தியாயம் முழுக்கத் திமிங்கல வகைகள். ஃபோலியோ, ஆக்டேவோ என்று புத்தகத்துக்குக் காகிதம் மடிக்கிற கணக்கில் திமிங்கலங்களைப் பிரித்து அடுக்குகிறார் மனிதர்! கல்லூரியில் படித்தபோது அதற்குப் பெரிய வட்டம் போட்டேன், ஓரத்தில் ‘அறுவை’ என்றும் எழுதியிருக்கிறேன். போன வருடம் மறுபடி எடுத்தபோது அந்த அத்தியாயம்தான் பிடித்தது. கடலில் இருப்பதையெல்லாம் அலமாரியில் அடுக்கப் பார்க்கிற ஒருத்தனின் தவிப்பு அது. எனக்கும் அலமாரிக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியுமே.

அந்த நாவலைப் பற்றி இன்னொன்று. முடிவைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 1851-இல் லண்டனில் ‘திமிங்கலம்’ என்ற பெயரில் முதலில் வந்தபோது கடைசியில் உள்ள பின்னுரை எப்படியோ விடுபட்டுப்போனது. கதை சொல்கிறவன் தப்பிப் பிழைத்த விவரம் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அது இல்லாததால், கப்பலோடு எல்லாரும் போய்விட்டார்களே, பிறகு இந்தக் கதையை யார் சொல்கிறார் என்று அங்கே சிலர் மதிப்புரையில் கேலி செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. கையில் இருந்த புத்தகம்தான் குறைப்புத்தகம். யாரையாவது கடுமையாக எழுதத் தோன்றும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நான் செய்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது. பல வருடங்களுக்கு முன்னால் ஒருவரின் முதல் நாவலை, மறுநாள் காலைக்குள் மதிப்புரை வேண்டும் என்று கேட்டதால், காய்ச்சலோடு ஒரே ராத்திரியில் படித்தேன். ‘பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வருடம் கழித்து வேறெதற்கோ தேடும்போது அந்தப் புத்தகம் கையில் வந்தது. நின்றபடியே நாற்பது பக்கம் படித்தேன். அன்று ஒட்டிக்கொண்டவை என் கண்ணிமைகள்தான். பாத்திரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. என்னால் என்று நினைப்பது என் கர்வம், இல்லை என்று ஒதுக்கவும் முடியவில்லை.

பழைய தமிழ் நாவல்களை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதாக உனக்கு ஒரு புகார் உண்டு. கேள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். அடுத்த வாரம்வரை வாசகரைப் பிடித்துவைக்க ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு திடுக்கிடல் வேண்டியிருந்தது. ஒரு வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அது இன்பம். ஐந்து பாகத்தையும் தொடர்ந்து படிக்கிறவனுக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ முதுகில் தட்டுவது மாதிரி இருக்கும். அதனால் நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் படிக்காதே. நந்தினி வருகிற இடங்களுக்கு மட்டும் இந்த விதி கிடையாது.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் எல்லாரும் பாபு, யமுனா என்று உருகுவார்கள். எனக்கு அதில் ரங்கண்ணாதான் நாவல். அந்தக் கிழவர் சங்கீதம் பேசும் பக்கங்களில் ஒரு வட்டம்கூட இல்லை. யமுனாவைப் பற்றிப் பாபு தனியாக உட்கார்ந்து உருகுகிற பக்கங்களில் நிறைய இருக்கின்றன. இதை இதுவரை அச்சில் எழுதவில்லை. எழுதினால் என் சிநேகிதிகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ உன் வயதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லையே என்று இருந்தது. ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள், சாயா கோபித்துக்கொள்கிறாள், மறுபடி தண்ணீர் தேடல். டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றி ஜமுனாவிடம் சொல்கிற இடத்தை அப்போது சும்மா தாண்டியிருக்கிறேன். எண்கூட இல்லை. நாற்பது வயதுக்கு மேல் திரும்பப் படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். அலுப்பில் இல்லை, மேலே போக முடியவில்லை. அதற்கு என்ன குறி போடுவது என்று தெரியாமல் தாளை வெறுமனே விட்டுவிட்டேன்.

பூமணியின் ‘வெக்கை’யை நீயே படித்துவிட்டாய், அதுவும் ஒரே மூச்சில். கொலையை முதலிலேயே முடித்துவிட்டு, மீதி நாவல் முழுக்க அப்பனும் பிள்ளையும் ஒளிந்து திரிவதை எழுத ஒரு தைரியம் வேண்டும்.

புதிய நாவல்களைப் பற்றிக் கேட்டாயே. 2024-இல் புக்கர் பரிசு வாங்கிய சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ சின்னப் புத்தகம்தான். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே நாள், பூமியைப் பதினாறு சுற்று. வாக்கியங்கள் அழகு. அழகு, அழகு, அழகு. ஏழாவது சுற்றில் என் முதல் வட்டம் விழுந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு, மேலே இருக்கும்போதே கீழே அம்மா இறந்துபோகிறாள். இறங்கி வரவும் முடியாது. அந்த ஒரு இழையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம். தூரத்தில் பிள்ளையை வைத்திருக்கிற அம்மா படித்தால் அப்படித்தான் தோன்றும் போல.

கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’ அதற்கு நேர் எதிர். 2022-இல் சர்வதேச புக்கர் வாங்கியது, டெய்சி ராக்வெல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. எண்பது வயது அம்மா எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். கதை நகரவே மறுக்கிறது. நடுவில் காக்கை எல்லாம் பேசுகிறது. வட்டங்கள் எக்கச்சக்கம். ஆனாலும் அவள் எப்போது திரும்புவாள், எப்போது எழுவாள் என்று ஒவ்வொரு தடவையும் நானே போய்ப் புத்தகத்தை எடுத்தேன். எத்தனை முறை மூடினேன் என்பதோடு எத்தனை முறை திறந்தேன் என்றும் எண்ண வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. இப்போது அதற்கும் ஒரு புள்ளி வைக்கிறேன்.

பானு முஷ்டாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’ பற்றி ஒரே வார்த்தை: மெதுவாக. பன்னிரண்டு கதைகள், 2025-இல் சர்வதேச புக்கர், சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. வரிசையாகப் படித்தால் ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டுக்குள் கேட்டுக் கலங்கிவிடும். ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நாள் விடு.

இனி உன் புத்தகம். இரண்டாம் தொகுதியின் தொடக்கத்தில் ஒரு சீட்டாட்டம் வரும். தோலகோவுக்கு நிகோலாய் ரஸ்தோவ் மேல் கடுப்பு, ஏனென்றால் தோலகோவ் கல்யாணம் கேட்ட சோனியா நிகோலாயை நினைத்துக்கொண்டு மறுத்துவிட்டாள். நிகோலாயின் கடன் 43,000 ரூபிள் ஆகும்வரை ஆட்டத்தை விடுவதில்லை என்று முடிவு செய்துகொள்கிறான். தோலகோவ் வயதையும் சோனியா வயதையும் கூட்டினால் 43. தோற்றுப்போன நிகோலாய், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று செத்த முகத்தோடு வீட்டுக்கு வருகிறான். அங்கே தங்கை நடாஷா பாடிக்கொண்டிருக்கிறாள். அவள் உச்ச சுரத்தை எட்டப் போகிற இடத்தில் இவன் கடன், தோலகோவ், மானம் எல்லாவற்றையும் மறந்து, தன்னையறியாமல் கூடச் சேர்ந்து பாடுகிறான். பாட்டு முடிகிறது. கடன் அப்படியே இருக்கிறது.

நீ இதற்கு முன்னால் மூடியிருந்தால், நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டி நேரே இங்கே வா, பேர்கள் குழம்பினாலும் பரவாயில்லை. இதைத் தாண்டிய பிறகும் மூடினாய் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடு.

பக்க எண்ணை மட்டும் அனுப்பு. வட்டம் உண்டா, இல்லையா என்பதையும்.

அன்புடன்,
அம்மா