சூப்பும் சப்பும்

அன்புள்ள செல்வம்,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்பு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. விரல் சூப்புகிற நம் ‘சூப்பு’தான் ஆங்கிலச் ‘சூப்’ என்று மேடையில் பேசப்போகிறாயாமே? வேண்டாமடா! புலவர் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

‘சூப்’பின் உண்மையான உறவு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எஸ், யு, பி: ‘சப்’. வாய்வாயாக உறிஞ்சிக் குடிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பழைய வினை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் அது ‘சூபன்’. ஜெர்மனில் ‘ஸௌஃபன்’, இன்று அதற்கு மொடாக்குடி என்று பொருள். ப் எப்படி ஃப் ஆனது? ‘ஷிப்’ அங்கே ‘ஷிஃப்’, ‘ஹெல்ப்’ அங்கே ‘ஹெல்ஃபன்’, ‘ஓபன்’ அங்கே ‘ஒஃபன்’. வரிசையாக ஒரே மாற்றம். உறவு என்றால் இப்படி ஒலிக்கு ஒலி நிற்க வேண்டும். ‘சூப்பு’வுக்கு அப்படி ஒரு வரிசை காட்ட முடியுமா? காதுக்கு ஒத்துப்போவது சாட்சியாகாது.

இன்னொன்று பார். பழைய ஆங்கில ‘ஹூஸ்’ ‘ஹவுஸ்’ ஆனது, ‘மூஸ்’ ‘மவுஸ்’ ஆனது. ‘சூபன்’ மட்டும் ‘சவுப்’ ஆகவில்லை. பின்னால் வரும் ப் அந்த மாற்றத்தைத் தடுத்துவிட்டது. பிறகு ஊ குறுகி ‘சுப்’ ஆயிற்று. இங்கிலாந்தின் தெற்கே அது ‘சப்’; வடக்கே யார்க்‌ஷயரில் இன்றைக்கும் ‘சுப்’தான், பீர் குடிப்பதற்குச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். சிறு மிடறாகக் குடிக்கும் ‘சிப்’ 14ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. ‘சப்’பை இன்னும் மெலிதாகச் சொன்னதே ‘சிப்’ என்று கருதுகிறார்கள்.

‘சூப்’ வந்த வழி வேறு. ‘சப்’, ‘ஸௌஃபன்’ இரண்டுக்கும் மூலமான அதே ஜெர்மானிய வேர் பிற்கால லத்தீனுக்குள் ‘சுப்பா’ என்று போனது. குழம்பில் ஊறிய ரொட்டித்துண்டுக்குத்தான் அந்தப் பெயர், குழம்புக்கு அல்ல! தொப்பலாக நனைந்தவனைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘சூப் மாதிரி நனைந்தான்’ என்பார்கள். அவர்கள் சொல்வது அந்த ரொட்டியைத்தான். ரொட்டியின் பெயர் மெல்ல மெல்லக் குழம்புக்கு ஏறி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இராச்சாப்பாடாகிய ‘சப்பர்’ அதற்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வழியாக வந்துவிட்டது. இராச்சாப்பாடு சாப்பிடுவதைக் குறிக்கும் இன்னொரு ‘சப்’பும் அதே பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஆகவே சாப்பிடுகிற ‘சப்’ வந்த வழி வேறு, குடிக்கிற ‘சப்’ வந்த வழி வேறு. இந்த இடத்தில்தான் அகராதி பார்ப்பவர்கள் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

தமிழ்ச் சொல் ஒன்று சூப்புக் கிண்ணத்தில் வேண்டுமென்றால் ‘மல்லிகடானி’ இருக்கிறதே! நம் மிளகுத்தண்ணிதான் அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. புலவர் ஐயாவும் ஒப்புக்கொள்வார். அதைப் பேசு.

கூட்டத் தேதியை எழுது.

உன்,
மணி